மல்பெரிக் கறை

ஆரணியின் நெசவாளர் தெருவில், தறியில் ஏற்றுவதற்காக நீட்டிக் கட்டியிருந்த எலுமிச்சை நிறப் பட்டு நூல் பாவில் நாலைந்து இடத்தில் ஊதாக் கறை. பூங்காவனம் மருமகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரலெல்லாம் மல்பெரிச் சாறு.

“இந்தக் கையோடயா பாவைத் தொட்ட?”

உதயா தலைகுனிந்தாள். “ஆமாங்க அத்தை. நான்தான்.”

எதிர்வீட்டு ஜெயப்ரியா தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மல்பெரிச் செடி அவள் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது. உதயாவுக்குப் பழம் கொடுத்ததும் அவள்தான். ஆனால் கறை வைத்தது உதயா இல்லை. பழத்தைத் தின்ற மைனாக்கள் கேபிள் ஒயரில் உட்கார்ந்து பாவின் மேல் எச்சமிட்டதை ஜெயப்ரியா காலையிலேயே பார்த்துவிட்டாள். இப்போது அதைச் சொன்னால் தெருவே தன் செடியைத் திட்டும் என்று பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பாவம், மாசமாக இருக்கிற பெண். மாமியாருக்குப் பயந்து பழியை ஏற்றுக்கொண்டாளே.

இரண்டு நாள் ஜெயப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் செடியை அடியோடு வெட்டிச் சாய்த்துவிட்டு, உதயாவின் முன்னால் போய் நின்றாள்.

“அந்தக் கறை மைனா வெச்சது உதயா. தெரிஞ்சும் நான் கம்முனு இருந்துட்டேன்.”

“எனக்கும் தெரியும்க்கா. நானும் பாத்துகினுதான் இருந்தேன்.”

“அப்புறம் ஏன் நீதான்னு ஒத்துகின?”

“மைனான்னு சொன்னா உங்க செடியை வெட்டச் சொல்லுவாங்களே. மசக்கையில தண்ணி குடிச்சாகூட வாந்தி வருது. உங்க பழம் ஒண்ணுதான்க்கா வயித்துல நிக்குது.”

உதயா கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

“இன்னிக்கும் ஒரு கைப்பிடி பறிச்சுத் தரீங்களா?”