ஏரித் தெருவில் இலவசப் பொட்டலம்

திருநின்றவூர் ஏரித் தெருவில் வெள்ளம் வடிந்துவிட்டது. இலவச உணவு வண்டி இன்றும் வந்து நிற்கிறது. இனி வாடிக்கையாளர்கள் திரும்புவார்கள் என்று நம்பி, கைவசமிருந்த கடைசி அரிசியையும் அரைத்துவிட்ட இட்லிக்காரி பஞ்சவர்ணம் அடுப்பருகே காத்திருக்கிறாள். பானையின் மூடியைத் திறக்கிறாள். எழும் ஆவியில் இளவெயில் கலங்குகிறது. எதிரே வண்டியின் முன் வரிசையில் நிற்கும் உத்தமன், அன்றாடம் அவளிடம் உண்பவன், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "இன்னா நைனா, என் சட்னி கசந்துபூடுச்சா?" "சும்மா குடுக்கறாங்கோக்கா, இன்னா பண்ணச் சொல்ற?" அவன் சிரிப்பு பாதியிலேயே அடங்குகிறது. உணவு வழங்கும் வர்ஷா, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஓடிவந்து, ஒரு பொட்டலத்தைப் பஞ்சவர்ணத்தின் கையில் வைக்கிறாள். "நீங்களும் சாப்பிடுங்கம்மா. கவலைப்படாதீங்க, நாளைக்கும் வருவோம்." அந்தப் பரிவில் பொய்யில்லை. பஞ்சவர்ணம் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறாள். மறு கையால் அடுப்பை அணைக்கிறாள்.