ஒரு வாரச் சீட்டு

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் மத்தியாஸ் யாருக்கும் லேசில் லீவுச் சீட்டு கொடுக்கிறவர் அல்ல. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்த தெரேசாவையே ஒரு வாய் மருந்தை ஊற்றிக் கொழுந்தெடுக்க அனுப்பியவர். ஆகவே இராயப்பன் ஒன்றும் எதிர்பார்க்காமல்தான் போனான்.

"மம்பட்டிக் காம்பு உதட்டுல அடிச்சிருச்சுங்க, டாக்டரய்யா."

மத்தியாஸ் சுத்தமான துணியைக் கொடுத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ரத்தம் நின்றது. பல்லை ஆட்டிப் பார்த்தார்; ஆடவில்லை.

"ஆழமில்ல. உப்புத் தண்ணியில வாயைக் கொப்புளி. சூடு, காரம் வேணாம். மறுபடி ரத்தம் வந்து நிக்காட்டியோ, வீங்கிச் சீழ் வச்சாலோ ஒடனே வா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்."

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போகலாங்களா?"

"கூடாது." சீட்டில் எழுதினார். "ஒரு வாரம்."

இராயப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சின்னக் காயந்தானுங்களே. விடிய நாலரைக்கு ஒங்க குவாட்டர்ஸ் ஜன்னலுக்குக் கீழ நின்னு நான் கொம்பு ஊதினாத்தானுங்களே பேர் குடுக்குற பெரட்டுக்கு ஆளுங்க எழும்புவாங்க?"

"உதடு ஆறணும்," என்றார் மத்தியாஸ், பேனாவை மூடிக்கொண்டே.

இராயப்பனுக்கு மனம் இளகிவிட்டது. இந்த மனுஷனைப் போய்த் தோட்டமே கல்நெஞ்சக்காரர் என்கிறதே.

"நீங்க கவலப்படாதீங்கய்யா. ஒரு வாரத்துக்கு என் மச்சானை ஊதச் சொல்றேன்."

மத்தியாஸ் பேனாவை மறுபடி திறந்தார்.

"அவனையும் கூட்டிட்டு வா. வாயைப் பாத்துருவோம்."