ஆடும் கைப்பிடி

முதியோர் இல்லத்தைச் சோதிக்க அதிகாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், பெரியவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தார். அதிகாரி வாசலுக்கு முதுகைக் காட்டியபடி டீயை உறிஞ்சிக்கொண்டே, 'எல்லாம் திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதைப் பார்த்துத் திருப்தி ஆனீங்க, இந்த பிஸ்கட் தட்டையா? பாத்ரூம் சுவத்துல கைப்பிடி ஆடுது. நேத்து அதைப் பிடிச்ச என் பக்கத்துக் கட்டில்காரர் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டார். அடுத்தது நான்தான்."

"ஐயா, நீங்க ரூமுக்குப் போங்க" என்று மேலாளர் எழுந்தார்.

"முதல்ல இவர் எழுந்திரிக்கட்டும். உட்கார்ந்த இடத்துலயே சோதனை போட இவருக்கு எவன்யா கத்துக் கொடுத்தான்?"

அதிகாரி திரும்பினார். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றார்.

"நீங்கதான் சார். நான் உங்களுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சோதனைக்கு வந்த இதே ரூம்ல என்னைப் பக்கத்துல உட்கார வச்சு, 'டீ ஆறுறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடணும்'னு சொன்னீங்க."

பெரியவர் கையை நீட்டினார்.

"தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேம்ப்பா. டீயைக் கீழே வை. என்னைப் பிடிச்சுக்கோ, பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வருவோம்."