யானைக்கு எடை ஒன்று

ஒரு வீடியோ கேமில் ஒரு சீசா பலகை இருந்தது. அதன் ஒரு முனையில் யானையும் மறுமுனையில் அணிலும் உட்கார்ந்திருந்தன. கேமை எழுதியவர் அவசரத்தில் எல்லாருக்கும் எடை ஒன்று என்றே போட்டுவிட்டார். அதனால் இரண்டும் காலால் உந்தி உந்தி, மாறி மாறி மேலே போய்வந்தன.

ஒருநாள் யானைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானும் இந்தப் பொடியனும் ஒரே எடையா? பாக்குறவன் சிரிக்க மாட்டான்?" என்று பலகையிடம் பொரிந்தது.

"எனக்கு உருவமெல்லாம் தெரியாதுங்க. எழுதியிருக்கிற எண்தான் தெரியும்," என்றது பலகை.

"விடுங்கண்ணே, நல்லாத்தானே ஆடுறோம்," என்றது அணில்.

யானை கேட்கவில்லை. உந்த மாட்டேன் என்று அசையாமல் உட்கார்ந்துவிட்டது. கேம் ஹேங் ஆகிவிட்டதென்று எழுதியவர் வந்து பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, யானையின் எடையை ஐயாயிரம் என்று திருத்தினார்.

பலகை படாரென்று சாய்ந்தது. அணில் திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் போனது. அப்படிப் போனவரைத் திரும்ப வரவழைக்க அந்தக் கேமில் ஏற்பாடு எதுவும் இல்லை.

"இப்ப சரியா இருக்குங்களா?" என்று கேட்டது பலகை.

"கச்சிதம்," என்றது யானை. பிறகு, தான் மேலே போகும் முறைக்காகத் தரையில் காத்திருந்தது.