தெற்கு கேலரியின் சத்தம்

கால்பந்து மைதானத்தின் தெற்கு கேலரியை ஒட்டிய நூறு வீடுகளை இடித்துவிட்டுக் கடைவளாகம் கட்டலாமா என்று மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டது. இப்போதெல்லாம் கேட்பதுபோல், மைதானத்திலேயே. ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் கேலரியில் எழும் சத்தத்தைக் கருவி அளக்கும். குறித்த அளவைத் தாண்டினால் இடிக்கச் சம்மதம். யார் எதற்குக் கத்தினார்கள் என்றெல்லாம் அது கேட்காது.

ஆட்டத்துக்கு முதல்நாள் டீக்கடையில் ரசிகர்களுக்குள் ஒரே வாக்குவாதம்.

"கடை வந்தா வேலை கெடைக்கும்ணா" என்றான் டேவிட்.

"படுக்கறது எங்கடா, கடைக்குள்ளயா?" என்றார் செல்வின். நூறில் ஒன்று அவர் வீடு. "கடைசி பத்து நிமிஷம் எவனும் வாயத் தொறக்கக்கூடாது. கோலே வுழுந்தாலும்."

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

உள்ளூர் அணியின் முன்கள ஆட்டக்காரி செல்வினின் மகள் பிரிசில்லா. "நான் கோல் போட்டா நீ கத்திருவப்பா" என்றாள் வீட்டில்.

"மாட்டேம்மா."

அவள் நம்பவில்லை.

எண்பத்தெட்டாவது நிமிடம். வாய்மேல் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் செல்வின். கேலரியில் இருமல் சத்தம்கூட இல்லை. பந்து பிரிசில்லாவிடம் வந்தது. கோல்கீப்பர் எங்கோ விழுந்து கிடந்தாள். எதிரே வெறும் வலைதான். பிரிசில்லா ஒருமுறை கேலரியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்தாள்.

"அய்யய்யோ" என்று மொத்தக் கேலரியும் தலையில் கைவைத்து அலறியது. முதல் குரல் செல்வினுடையது.

பலகையில் சம்மதத்துக்கான பச்சை விளக்கு எரிந்தது. ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது.