ராசி கெட்டவன்

"கேப்டன், அந்த டங்கனை இறக்கி விட்டுடுங்க. இல்லேன்னா நாங்க எல்லாரும் இறங்கிடுவோம்" என்றான் மாலுமிகளின் தலைவன் பிரிச்சர்ட்.

ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மற்ற சரக்குக் கப்பல்கள் அணிவகுக்கத் தொடங்கியிருந்தன. போர்க்காலம்; வெளியே அட்லாண்டிக் கடல் முழுக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள். பிரிச்சர்டுக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

"அவன் என்ன பண்ணினான்?" என்று கேட்டார், நேற்றுதான் பொறுப்பேற்ற கேப்டன் மெய்ட்லண்ட்.

"ராசி கெட்டவன் சார். அவன் கடைசியாப் போன ரெண்டு கப்பலும் டார்ப்பிடோ பட்டு முழுகிடுச்சு."

"அப்ப நானும் இறங்கணுமேப்பா. ரெண்டுக்கும் நான்தான் கேப்டன்."

மெய்ட்லண்ட் தொடர்ந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது. ரெண்டு தடவையும் என்னைப் படகுக்குள்ள இழுத்துப் போட்டது அவன்தான். நான்தான் அவனை இந்தக் கப்பலுக்குக் கேட்டு வாங்கினேன்."

பிரிச்சர்ட் கீழ்த்தளத்துக்கு ஓடினான். தனியாக மூட்டை கட்டிக்கொண்டிருந்த டங்கனிடம், "ஏம்ப்பா, உன் பக்கத்துப் படுக்கை காலியா?" என்றான்.