ஐப்பசியில் பூத்தது

என் கணவர் எட்வின் லண்டனிலிருந்து ஸ்னோடிராப் பூச்செடிக் கிழங்குகளை அனுப்பியிருந்தார். "தை மாசம் பூக்கும்மா. பூக்கிறப்ப அங்க இருப்பேன்," என்று அத்தையிடம் போனில் சொன்னார். குன்னூர் வீட்டுத் தோட்டத்தில் நான்தான் நட்டேன். ஏதோ அரிய வகை போலிருக்கிறது. ஐப்பசி மழையிலேயே, இலைகூட விடாமல், வெள்ளையாகப் பூத்துத் தலைகவிழ்ந்து நின்றது.

"பூத்துடுச்சுங்க. எப்ப வர்றீங்க?" என்று போனில் கேட்டேன்.

"அதுக்குள்ளயா?" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத."

"அப்ப தையில?"

"அதையும் இப்ப கேக்காத."

தினமும் அத்தை எழும் முன்னே பூக்களைக் கிள்ளிவிடுகிறேன். இன்று கிள்ளி முடித்துத் திரும்பினால் அத்தை நிற்கிறார்.

"இன்னும் ஒரு முளைகூட விடலையே. உன் கைராசி அப்படி. அவன் எங்கேர்ந்து வருவான்?"

ஸ்வெட்டர் பைக்குள் இருந்த கையை நான் வெளியே எடுக்கவில்லை.